கூடாரத்தை மாற்றினால் சூடு போகாது

போன மே மாதம் ஒகேனக்கல்லில் ஆற்றோரப் பாறைமேல் கூடாரம் போட்டு, உள்ளே வெந்து, சின்னவனுக்கு வாந்தி மயக்கம் வந்து பாதி ராத்திரியில் பென்னாகரம் ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை விலை கூடின டென்ட் வாங்கலாமா என்கிறீர்கள். வேண்டாங்க, காசுக்குப் பிடித்த கேடு. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரியிலும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், நைலான் துணி அதையும் உங்கள் மூச்சு ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைக்கும், எந்தக் கம்பெனி டென்டானாலும் அப்படித்தான். அதோடு அது காடு. கோடையில் யானை தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் இறங்கும், மேலே அணை திறந்தால் தண்ணீர் ஏறும், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்கவே கூடாது.

பேசாமல் தருமபுரி பக்கத்தில் இருக்கிற வத்தல்மலைக்குப் போங்கள். 1000 மீட்டருக்கு மேல் உயரம், தருமபுரியைவிட 3, 4 டிகிரியாவது குறையும். தோட்டக்காரர் யாரையாவது கேட்டு மர நிழலில், மண் தரையில் போடுங்கள்.

பையனுக்கு மறுபடி வாந்தி வந்தால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள். அப்புறம் ஐஸ் பெட்டியில் சிக்கன் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறீர்களே, இந்தச் சூட்டில் அது வேண்டாம்... புளிசோறு கட்டிக்கொண்டு போங்க சார்.