மாம்பழக்கூழ் கடையும் ஒரு புள்ளியும்

கேள்வி: மாம்பழக்கூழ் விற்கும் எங்கள் இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றினேன். இணையதளப் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் கூகுள் கிளவுட் டிஎன்எஸ்ஸில் பைத்தான் நிரல் வழியாகப் புது ஏ ரெக்கார்டை, அதாவது புது சர்வரின் முகவரியைச் சொல்லும் பதிவைச் சேர்த்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை வருகிறதே, சார்?
- வாசகர், போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வரத்தான் செய்யும். அதே பெயர், அதே வகையில் பழையது உட்கார்ந்திருக்கிறதே! ஒரே 'சேஞ்சஸ்'ஸில், அதாவது ஒரே மாற்றத் தொகுப்பில், பழையதை நீக்கவும் புதியதைச் சேர்க்கவும் சொல்லிவிட்டு, அப்புறம் அதை அனுப்பிவைக்கும் 'கிரியேட்' கட்டளையை ஒரே தடவை கொடுங்கள். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது, அதனால் கடை நடுவில் அந்தரத்தில் தொங்காது. நீக்கும் ரெக்கார்டு, டிடிஎல் (பழைய பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு) உட்பட, அங்கே இருப்பதோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும், 300 இருக்கும் இடத்தில் 3600 என்று எழுதினால் மறுத்துவிடும். ரெக்கார்டில் எழுதும் தளப் பெயரின் கடைசியில் புள்ளி (.) வைத்தீர்களா? அதை விட்டுவிட்டு ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தவன் நான். மாற்றத்தின் நிலை 'டன்' (முடிந்தது) என்று வந்தபிறகும், பழைய டிடிஎல் தீரும்வரை சிலருக்குப் பழைய சர்வரே திறக்கும், பதற வேண்டாம்.