வீட்டு விசேஷ வீடியோக்களைத் தரம் கெடாமல் சுருக்கி உறவினர்களுக்கு அனுப்ப என்ன செட்டிங் வைக்கலாம்?

கல்யாணம், வளைகாப்பு, சுற்றுலா என்று பத்து ஜிபி, பன்னிரண்டு ஜிபியாகச் சேர்ந்து கிடக்கும் வீடியோக்களை வெளியூர் சொந்தங்களுக்கு அனுப்ப எத்தனை பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவு) வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பிட்ரேட்டை முதலில் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். தரத்தை முடிவு செய்யுங்கள். ஃபைல் அளவு எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

நான் இதை ஒரு இழப்பில் இருந்து கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். தாத்தா பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுவார். 2007இல் அவர் கடைசியாக ஆடிய கூத்தை விடிய விடியப் படம் பிடித்தோம். மினிடிவி (MiniDV) என்ற சின்ன டேப் கேமராவில் நான்கு டேப். வீடியோ எடுத்தவர் நான்கு மணி நேரத்தையும் ஒரே டிவிடியில் அடைத்துக் கொடுத்தார். டேப்பில் நொடிக்கு 25 மெகாபிட் இருந்த படம், 4.7 ஜிபி தட்டில் நான்கு மணி நேரம் என்றால் நொடிக்கு இரண்டரை மெகாபிட்டுக்குச் சற்று மேலே வந்துவிடும். தாத்தா அசையாமல் நின்று வசனம் பேசும்போது படம் நன்றாகத்தான் இருக்கிறது. கிரீடத்திலும் மார்பதக்கத்திலும் உள்ள கண்ணாடிச் சில்லுகள் மின்ன, சுழன்று ஆட ஆரம்பித்ததும் முகமே கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. டேப்பைத் திருப்பிக் கேட்கப் போனபோது அதன் மேலேயே வேறு கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தார்கள்.

ஏன் ஆடும்போது மட்டும் உடைகிறது? வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய படத்தில் இருந்து எது மாறியது, எது நகர்ந்தது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கிறது. நலங்கு வைக்கும்போது மேடை அப்படியே இருக்கும், கைகள் மட்டும் அசையும். எழுத வேண்டியது கொஞ்சம். ஒகேனக்கல் அருவியில் ஒவ்வொரு துளியும் புதிது. கிருஷ்ணகிரி பக்கத்து எருது விடும் விழாவும் அப்படித்தான், புழுதியும் கூட்டமும் ஒரு நொடி நிற்காது. இரண்டுக்கும் ஒரே பிட்ரேட்டை அளந்து கொடுத்தால் நலங்குக்கு வீணாகும், அருவிக்குப் பத்தாது. என்னிடம் இருக்கும் பத்து நிமிட நலங்கு 180 எம்பியில் முடிந்தது. அதே செட்டிங்கில் மூன்று நிமிட அருவி 340 எம்பி வந்தது. இரண்டும் பார்க்க ஒரே தரம்.

சரி, செட்டிங்குக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். அதன் வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்று ஒரு நகர்த்தி இருக்கும், பக்கத்தில் ஆர்எஃப் எண். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஏறக்குறைய ஆறு எண் இறக்கினால் அளவு இரட்டிப்பாகும். 1080பி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை வைக்கலாம். நான் 21 வைக்கிறேன். வேக அமைப்பை 'ஸ்லோ'வில் விடுங்கள். ராத்திரி ஓட விட்டுத் தூங்கிவிட்டால் காலையில் தயாராக இருக்கும். ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ஃபார்மேட் எம்பி4. 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். அது இருந்தால்தான் முழுவதும் இறங்கும் வரை காத்திராமல் லிங்க்கில் இருந்தே ஓடத் தொடங்கும். ஒலிக்கு ஏஏசி என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, பிட்ரேட்டை 160 கிலோபிட் வையுங்கள். ஒலி பிடிக்கும் இடம் மிகக் குறைவு, அதில் சிக்கனம் பார்த்து ஒரு லாபமும் இல்லை.

கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை: அனுப்புவதற்கு எச்.264. 2003இல் வந்தது, பழைய போன், பழைய டிவி எல்லாவற்றிலும் ஓடும். எச்.265 அதே தரத்தை இன்னும் சின்ன ஃபைலில் தரும் என்பது உண்மை. ஆனால் என் அத்தையின் போனில் குரல் மட்டும் வந்தது, படம் கருப்பாக நின்றது. "ஏம்ப்பா, பேச்சு கேக்குது, ஆளையே காணோமே" என்று அவர் போன் செய்த பிறகு சொந்தங்களுக்கு நான் எச்.265 அனுப்புவதில்லை.

பழைய ஹேண்டிகேம் டேப்பில் இருந்து எடுத்த வீடியோ என்றால் ஒரு வேலை கூடுதல். அதில் ஒரே ஃபிரேமில் இரண்டு கண நேரங்கள் வரி விட்டு வரி பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் அசையும் கை சீப்புப் பல் மாதிரி தெரியும். ஃபில்டர் பகுதியில் 'டீஇன்டர்லேஸ்' போட்டு, அதிலேயே 'பாப்' தேர்ந்தெடுத்தால் 25 ஃபிரேம் 50 ஆகி, அசைவு டிவியில் பார்த்தது போல வழுக்கிக்கொண்டு போகும். யூடியூபில் ஏற்றுவதானால் 960க்கு 720 அளவுக்குப் பெரிதாக்குங்கள். 720க்குக் கீழே இருந்தால் அங்கே 50 ஃபிரேம் கிடைக்காது.

அனுப்பும் வழியைப் பொறுத்தும் மாறும். யூடியூப் எப்படியும் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும், அதனால் மேலே சொன்ன பழைய டேப் வீடியோ தவிர மற்றவற்றுக்கு அங்கே மூல ஃபைலையே ஏற்றிவிடுங்கள். 'அன்லிஸ்டட்' வைத்தால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். சடங்கு வீடியோ, குழந்தைகளைக் குளிப்பாட்டும் வீடியோ இதையெல்லாம் நான் அங்கே ஏற்றுவதே இல்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவும் நசுக்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். வாங்குபவரையும் நினைக்க வேண்டும். அத்தை போட்டிருப்பது தினம் ஒன்றரை ஜிபி பேக், வீட்டுத் திண்ணையில்தான் சிக்னல் வரும். அவருக்கென்று 720பி, ஆர்எஃப் 24இல் தனியாக ஒன்று செய்துவிடுவேன்.

முழு வீடியோவையும் ஓட விடுவதற்கு முன், அதிலேயே அசைவு அதிகமான ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கில் நொடிக் கணக்கில் வெட்டிக் கொடுக்க முடியும். நாதஸ்வரம் மேளத்தோடு மாப்பிள்ளை அழைப்பு, ஆடிப்பெருக்கில் ஆற்றில் குளிக்கும் கூட்டம், இந்த மாதிரி இடம். அங்கே முகம் உடையவில்லை என்றால் மீதி எல்லாம் தேறும். சுருக்கியதை மறுபடி சுருக்கவே கூடாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும். மூல ஃபைல்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

தாத்தாவின் டிவிடியில் இருந்த ஃபைல்களை எடுத்து எல்லா வீட்டுக்கும் தொடாமல் அப்படியே கொடுத்திருக்கிறேன். படம் அவ்வளவுதான். ஆனால் துரியோதனன் சபைக்கு வரும்போது திரைக்குப் பின்னால் இருந்து எடுக்கும் குரல், முகவீணையோடு சேர்ந்து, இன்னும் முழுதாகக் கேட்கிறது.