பூச்சிமருந்தும் பிள்ளைகளின் மூளையும்: கேள்வி பதில்

கொழும்பில் நச்சியல் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டிலும் தெருவிலும் அடிக்கும் பூச்சிமருந்து உடலில் என்ன செய்கிறது, குறிப்பாகக் கருவிலும் சிறு வயதிலும் என்ன செய்கிறது என்று கேளுங்கள். களைகொல்லியும் உரமும் என் துறை அல்ல. யாரும் கேட்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்த மருந்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அம்மா, எனக்கு ஐந்தாம் மாதம். நேற்று எங்கள் ஒழுங்கையில் நுளம்புக்குப் புகை அடித்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் வீட்டுக்குள்ளும் புகை வந்துவிட்டது. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

பதில்: ஒரு நாள் புகையால் பிள்ளைக்குக் கேடு வரும் என்று காட்டும் சான்று எதுவும் இல்லை, தங்கச்சி. நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்களைப் பயமுறுத்தும் செய்திகளில் பெரும்பாலானவை இன்னொரு வகை மருந்தைப் பற்றியவை. ஓர்கனோபொஸ்பேட் என்ற அந்த வகை, நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் அசெற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. பூச்சி சாவதும் மனிதர் நஞ்சாவதும் அதனால்தான். கருவில் அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: வளரும் நரம்பு கிளைவிட்டு இன்னொன்றோடு இணைய அது உதவுகிறது. மருந்து நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையை அடைகிறது. அதை உடைத்து வெளியேற்றும் நொதியோ பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு.

நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தொடர்மாடிகளில் வசித்த கர்ப்பிணிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அங்கே கரப்பானுக்குக் குளோர்பைரிபொஸ் என்ற ஓர்கனோபொஸ்பேட் மருந்தை அடிப்பது வழக்கமாக இருந்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் அந்த மருந்து கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் திறன் குறைந்திருந்தது. 2012 இல் அவர்களில் 40 பேரின் மூளையைப் படம் எடுத்தபோது மேற்பரப்பின் அமைப்பிலேயே வேறுபாடு தெரிந்தது. அந்தத் தாய்மார் வயலில் மருந்தடித்தவர்கள் அல்லர். வழக்கமாக மருந்தடிக்கும் வீடுகளில் இருந்தவர்கள்.

தெருவில் இப்போது பெரும்பாலும் அடிப்பது பைரித்திரோயிட் என்ற வேறு வகை. உடல் அதை ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். அடுத்த முறை ஜன்னலைச் சாத்துங்கள், சாப்பாட்டை மூடுங்கள், புகை அடங்கியதும் திறந்து காற்று விடுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்ப காலத்தில் டெங்கு வருவது இந்தப் புகையைவிட எவ்வளவோ ஆபத்து.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எட்டு மாதக் குழந்தை தூங்கும் அறையில் இரவு முழுவதும் நுளம்புச் சுருள் கொளுத்துகிறோம். பரவாயில்லையா?

பதில்: கூடாது. மருந்தைவிடப் புகைதான் முதல் பிரச்சினை. 2003 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம். மூடிய அறை, சின்ன நுரையீரல், எட்டு மணி நேரம். சுருளில் உள்ள மருந்தும் பெரும்பாலும் பைரித்திரோயிட்தான். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் ஆறு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் இருந்த மருந்து எச்சத்துக்கும் பிள்ளையின் திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் பிள்ளையின் சிறுநீரிலேயே ஒரு பைரித்திரோயிட்டின் எச்சம் கூடியிருந்தபோது மொழித் திறனும் நினைவுத் திறனும் குறைவாக இருந்தன. முடிந்த முடிவு அல்ல, ஆனால் கவனிக்க வேண்டிய சேதி. வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

கேள்வி (மட்டக்குளி): மகளுக்குப் பேன். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்து தலையில் பூசச் சொல்கிறார்கள்.

பதில்: பூசாதீர்கள்! உச்சந்தலைத் தோல் அதை உறிஞ்சிவிடும், உயிருக்கே ஆபத்து. பாமசியில் பேனுக்கென்று பெர்மெத்ரின் ஒரு வீத மருந்து கேளுங்கள். ஈரத்தலையில் பேன்சீப்பால் வாருங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): எங்கள் காலத்தில் சுவரெல்லாம் டிடிடி அடித்தார்கள். அதில் வளர்ந்த நாங்கள் பொறியியலாளரும் கணக்காளரும் ஆகவில்லையா? வீண் பீதி கிளப்புகிறீர்கள்.

பதில்: ஐயா, டிடிடி இந்த நாட்டில் உயிர் காத்தது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். 1946 இல் அடிக்கத் தொடங்கினார்கள்; 1963 இல் மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். கவனம் தளர்ந்ததும் 1968, 69 இல் ஐந்து லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. 2016 இல்தான் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது.

ஆனால் நீங்கள் பொறியியலாளர் ஆனது சான்று ஆகாது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். மருந்து டிடிடி அல்ல, மேலே சொன்ன ஓர்கனோபொஸ்பேட்; ஆனால் பாடம் உங்கள் கேள்விக்கும் பொருந்தும். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஓர்கனோபொஸ்பேட் எச்சம் மிகக் கூடிய ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகள், மிகக் குறைந்த பங்கினரின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி ஏழு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து அந்த ஏழு புள்ளியைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஒரு மாவட்டத்துப் பள்ளிகளை மொத்தமாகப் பார்த்தால் தெரியும்: ஏற்கெனவே தட்டுத்தடுமாறும் பிள்ளைகள்தான் முதலில் கீழே போவார்கள்.

கேள்வி (தெஹிவளை): அப்படியானால் புகை அடிப்பதை அடியோடு நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் மழுப்புகிறீர்கள்?

பதில்: மழுப்பவில்லை. 2017 இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. 440 பேர் இறந்தார்கள். நோய் பரவும் தெருவில் புகை வேண்டும். ஆனால் புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். கூரைப் பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் கிடக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் புகைக்கு மட்டும் ஆள் கூப்பிடும் தொடர்மாடிகளோடுதான் எனக்குச் சண்டை.

கேள்வி (பம்பலப்பிட்டி, மீண்டும்): ஆக, அடிக்கலாம் என்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே?

பதில்: இல்லை ஐயா. தேவைக்கு அடிப்பது வேறு, வாராவாரம் படுக்கையறையில் அடிப்பது வேறு. பெரியவர் நாற்காலியில் இருக்கிறார். பிள்ளை மருந்து படிந்த தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறது. இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்ட மாட்டேன்.

கேள்வி (வத்தளை): நுளம்புச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் சரியா?

பதில்: மேலே கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதைப் படியுங்கள். கட்டிலுக்கு அடியிலும் அது சுருள்தான்.

கேள்வி (கிருலப்பனை): மின்சாரத்தில் செருகும் திரவ மருந்து?

பதில்: புகை இல்லை, மருந்து உண்டு. குழந்தையின் அறையில் வேண்டாம். இதே கேள்வி இனி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (கோட்டை): கோவா, போஞ்சியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மருந்து போகுமா?

பதில்: ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், கோவாவின் வெளி இலைகளை எறியுங்கள். மேலே படிந்தது பெருமளவு போகும், உள்ளே ஏறியது போகாது. அதற்காகக் காய்கறியைக் குறைக்காதீர்கள்.

கேள்வி (மாளிகாவத்தை): மூட்டைப்பூச்சிக்குப் புறக்கோட்டையில் லேபல் இல்லாத போத்தலில் ஒரு மருந்து வாங்கினேன். நல்ல பலன். பிள்ளைகளின் மெத்தைக்கும் அடிக்கலாமா?

பதில்: என்ன மருந்து என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. நாளை பிள்ளை வாயில் வைத்துவிட்டால் வைத்தியர் எதற்கென்று சிகிச்சை செய்வார்? அடிக்காதீர்கள். அடித்த மெத்தையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

எச்சில் வழிதல், கண்மணி சுருங்குதல், வியர்வை, வாந்தி, வயிற்றோட்டம், தசை துடித்தல், மூச்சிரைப்பு என்று கண்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்தை வாங்கிய போத்தலிலேயே, லேபலோடு, உயரத்தில் பூட்டி வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி (நுகேகொடை): கிளைபொசேட்டும் சிறுநீரக நோயும்?

பதில்: அது களைகொல்லி, என் துறை அல்ல. சிறுநீரக வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): மகனுக்கு இரண்டரை வயது, இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை. கர்ப்பமாக இருந்தபோது வீட்டில் கரப்பானுக்கு மருந்து அடித்தோம். அதனால்தானா? இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பதில்: தெரியாது, தங்கச்சி. அந்த மருந்து அப்போதே உடலை விட்டுப் போய்விட்டது. இன்று எந்த இரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது, பணத்தை வீணாக்க வேண்டாம். பேச்சுத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. உங்களை நீங்களே குற்றவாளி ஆக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று முறையாகப் பரிசோதியுங்கள். பிறகு குழந்தை வைத்தியர், பேச்சுச் சிகிச்சையாளர். தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். இந்த வயதில் தொடங்கும் பயிற்சி நன்றாகப் பலன் தரும்.