தோப்புக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள் அண்ணா

அண்ணா, நேற்று நீங்களும் அண்ணியும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மகளோடு வந்தபோது, "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அது போதாது. நீட்டில் மதிப்பெண் குறைந்ததால் தென்னந்தோப்பை விற்று மெடிக்கல் சீட் வாங்கச் சொல்கிறாராம் பெரியப்பா. வேண்டாம். அந்தத் தோப்பில் அவள் தம்பிக்கும் பங்கு உண்டு.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? நெல்லியாம்பதி மலையை வரைந்து, கீழே எழுதியிருக்கிறாள்: "அந்தமானில் எரிமலை இருக்கிறது, இமயமலையில் ஏன் இல்லை?" இதைச் சொல்லித்தரும் படிப்புக்கு ஜியாலஜி என்று பெயர்.

பூமியின் மேற்பாறை, மெல்ல நகரும் பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. கடலடித் தட்டு கனமானது. இன்னொரு தட்டின் அடியில் செருகி இறங்கும்போது, சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில், அதில் அடைபட்டிருந்த நீர் மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறும். நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அந்தக் குழம்புதான் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் எரிமலைகளாக நிற்கிறது, அந்தமானின் பாரன் தீவில் புகைகிறது. ஆசியாவின் தென்விளிம்பிலும் ஒருகாலத்தில் இதுவே நடந்தது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடலின் தரை முழுக்க உள்ளே போனபின், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா போய் முட்டியது. கண்டப்பாறை இலேசானது, அப்படி இறங்காது. எரிமலைகள் அணைந்தன, மலை உயர்ந்தது. அன்று அடியில் இறுகிய கிரானைட் லடாக்கில் வெளியே தெரிகிறது. அவ்வளவு தூரம் ஏன், நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு கடல் மூடிக்கொண்டு இருபக்க நிலமும் ஒட்டிய தழும்பு ஓடுவதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவள் தினம் பஸ்ஸில் போகிற வழி அது!

திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜிலும் காசர்கோடு அரசுக் கல்லூரியிலும் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது. தேங்காய் ஒரு வெட்டுப் பணத்தில் கட்டணம் அடங்கிவிடும். அப்புறம் 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அதை முடித்தால் யு.பி.எஸ்.சி.யின் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு அந்த வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இடங்கள் குறைவு, உழைக்க வேண்டும். அவள் உழைப்பாள்.

பெண்பிள்ளை சுத்தியலோடு மலையேறுவதா என்று பெரியம்மா கேட்டாராம். ஏறட்டும். நீட் எழுதியதே பெரியப்பாவுக்காகத்தான் என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். உங்களிடம் சொல்லப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அதற்குள் தோப்புக்கு யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.