கடலுக்குப் போகும் நாளில் பிரஷர் மாத்திரையை விடலாமா?

அட்டினலால், மெட்டோபிரோலால், பிசோபிரோலால், புரோப்ரனலால்... உங்கள் மாத்திரை அட்டையில் இவற்றில் ஒன்று இருந்தால் நீங்கள் போடுவது பீட்டா பிளாக்கர். இதயத் துடிப்பின் வேகத்தையும் விசையையும் தணித்து பிரஷரை இறக்கும் மருந்து. இம்முறை அதைப் பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. விசைப்படகில் போகிறார். பிரஷருக்கு அட்டினலால் 50 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் வலை இழுக்கக் கை அசந்துபோகிறது என்று கடலுக்குப் போகும் நாளில் விட்டுவிடுவார். கரையில் இருக்கும்போது மட்டும் போடுகிறார். பரவாயில்லையா? (தங்கச்சிமடம்)

பதில்: கூடவே கூடாது. இந்த மருந்தில் நான் அதிகம் பயப்படுவது இந்த விட்டுவிட்டுப் போடும் பழக்கத்துக்குத்தான். அட்ரினலின் இதயத்தில் போய் ஒட்டும் இடங்களை பீட்டா பிளாக்கர் அடைத்து வைக்கிறது. தொடர்ந்து அடைபட்டுக் கிடந்தால் உடம்பு அந்த இடங்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். படபடக்கும், பிரஷர் எகிறும். இதய ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகும். அடைப்பு இருப்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது. கடலுக்குப் போக டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள்தான் கரை. அந்த நாளில் பார்த்தா இந்த விஷப்பரீட்சை?

அதற்காக, அவர் சொல்லும் அசதியைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பாரம் இழுக்கும்போது இதயம் வேகமெடுக்க வேண்டும். இந்த மாத்திரை அதை விடாது. எனவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இவருக்கு பிரஷர் மட்டும்தானே, அட்டினலால்தான் வேண்டுமா?" நெஞ்சுவலி, இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு பீட்டா பிளாக்கர் அருமருந்து. வெறும் பிரஷருக்கு அப்படியில்லை. 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியான 'லைஃப்' ஆய்வில் லோசார்டான் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரையும் அட்டினலாலும் பிரஷரை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தன; பக்கவாதம் மட்டும் லோசார்டான் எடுத்தவர்களுக்குக் குறைவாக வந்தது. அதன்பின் பல நாட்டு வழிகாட்டுதல்கள் வெறும் பிரஷருக்கு பீட்டா பிளாக்கரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டன. ஆகவே மாற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. மாற்றுவதானாலும் டாக்டர் சொல்படி ஒன்றிரண்டு வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதான சமயம். ஆள் கரையில் இருப்பார், அடிக்கடி பிரஷர் பார்க்கலாம். ஆனால் அதுவரை காத்திருக்காமல் இப்போதே போய்க் கேளுங்கள்.

மாற்றும் வரை தண்ணீர் புகாத டப்பாவில் மாத்திரை படகுக்கும் போகட்டும், ஒரு நாளுக்குக் கூடுதலாகவே. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டது விட்டதுதான், இரண்டாகப் போடக்கூடாது.

கேள்வி: சுகருக்கு கிளிமிபிரைடு, பிரஷருக்கு தினம் ஒரு மெட்டோபிரோலால். நோன்பு பிடிக்கலாமா? (கீழக்கரை)

பதில்: பிரஷர் மாத்திரை தடையில்லை. நாளுக்கு ஒன்று என்றால் சஹரிலோ நோன்பு திறந்த பிறகோ போட்டுக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது கிளிமிபிரைடு. பட்டினியில் அது சுகரை ரொம்பவும் இறக்கிவிடலாம். சுகர் இறங்கினால் முதலில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதை வைத்துத்தான் நாம் சுதாரிக்கிறோம். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அதனால் காரணமில்லாமல் உடம்பு நனைந்தாலோ, பேச்சு குழறினாலோ, எரிச்சலாக வந்தாலோ உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அப்போதே நோன்பை விட்டு இனிப்பாக எதையாவது சாப்பிடுங்கள், மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தாலும் சரி. ரமலானுக்குச் சில வாரம் முன்பே சுகர் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றிக்கொள்வது அவசியம்.

கேள்வி: பாசி எடுக்க முங்குகிறேன். வயது 44. பிசோபிரோலால் 5 போடுகிறேன். நாடி 52 என்று நர்ஸ் சொன்னார். ஆபத்தா? (பாம்பன் அருகே சின்னப்பாலம்)

பதில்: தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் எதுவும் இல்லையென்றால், கரையில் இருக்கும் ஒருவருக்கு 52 பெரிய விஷயமில்லை. நீங்கள் முங்குவதுதான் யோசிக்க வைக்கிறது. மூச்சை அடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாலே யாருக்கும் இதயத் துடிப்பு தானாகக் குறையும். மாத்திரை ஏற்கெனவே குறைத்து வைத்த துடிப்பு அங்கே இன்னும் குறையலாம். கரையில் லேசான கிறுகிறுப்பு என்றால் உட்கார்ந்துகொள்ளலாம். தண்ணீருக்கு அடியில் அது உயிர்ப் பிரச்சினை. முங்கும் தொழில் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. ஈ.சி.ஜி. எடுத்து, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை ஆழத்துக்குப் போகாதீர்கள், தனியாகவும் இறங்காதீர்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

காலையில் எழுந்து நடமாடும் முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே போனால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் அப்படியே, எண்ணிக்கை எதுவானாலும்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா தன் புரோப்ரனலால் மாத்திரையைத் தருகிறேன் என்கிறார். போடலாமா? (தொண்டி)

பதில்: வேண்டாம். அது மூச்சுக்குழாயையும் இறுக்கும். இளைப்பு வந்து நீங்கள் இன்ஹேலர் அடித்தால், அந்த மருந்தையும் வேலை செய்யவிடாது.

கேள்வி: உப்பளத்தில் வேலை. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் 160-க்குக் கீழே வரவில்லை. முட்டிவலிக்கு தினமும் மெடிக்கலில் வாங்கிப் போடுகிறேன். (வாலிநோக்கம்)

பதில்: கடைசி வரியில்தான் விடை இருக்கும் போலிருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீங்கள் போடுவது அட்டினலால் என்றால், அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பில் தங்கும். நீங்கள் வாங்கும் அட்டையை டாக்டரிடம் காட்டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். கருவாட்டுக் குழம்பும் தினசரி என்றால் அதையும் குறைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அம்மாவால் மெட்டோபிரோலால் எக்ஸ்.எல். மாத்திரையை விழுங்க முடியவில்லை. பொடித்துக் கஞ்சியில் கலக்கலாமா? (தேவிபட்டினம்)

பதில்: கூடாது. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து அது. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். நடுவில் கோடு இருந்தால் இரண்டாக உடைத்து, மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் டாக்டரிடம் வேறு மாத்திரை கேளுங்கள்.