38 வாரம் ஆகியும் கருப்பை வாய் திறக்கவில்லை என்றால் சிசேரியன்தானா?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 38 வாரம் முடிந்துவிட்டது. போன செக்கப்பில் உள்பரிசோதனை செய்துவிட்டு, "வாய் இன்னும் திறக்கவே இல்லை, தலையும் மேலேதான் இருக்கு" என்றார்கள். இதே மாதத்தில் என் நாத்தனாருக்கு ரெண்டு விரல் திறந்திருந்ததாம். அது அவருக்கு இரண்டாவது குழந்தை. வீட்டில் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு சிசேரியன்தான் ஆகுமா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. தலைப்பிரசவத்தில் 38 வாரத்தில் கருப்பை வாய் மூடியிருப்பது மிகச் சாதாரணம். தலை இறங்காமல் இருப்பதும் அப்படித்தான், சிலருக்கு வலி ஆரம்பித்த பிறகுதான் இறங்கும்.

நம் ஊரில் எல்லோரும் "எத்தனை விரல் திறந்திருக்கு" என்று மட்டும்தான் கேட்கிறார்கள், ஆனால் திறப்பது கடைசியில் நடக்கும் வேலை. அதற்கு முன்னால் உள்ளே நிறைய நடந்தாக வேண்டும். கர்ப்பகாலத்தில் கருப்பை வாய் 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு, கெட்டியாக, முதுகுப் பக்கம் சாய்ந்து இருக்கும். குழந்தையின் எடை முழுவதும் மேலே இருந்தும் அது திறந்துவிடாமல் தாங்குவதற்குக் காரணம் அதிலுள்ள கொலாஜன் இழைகளின் இறுக்கம். கடைசி வாரங்களில் அந்த இழைகளின் பிணைப்பு தளர்ந்து, திசுவில் நீர்ச்சத்து கூடி, புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பும் சேர்ந்து அதை மெத்தென்று ஆக்குகிறது. முன்பு தொட்டால் மூக்கு நுனி மாதிரி இருந்தது, இப்போது உதடு மாதிரி இருக்கும். அப்புறம் நீளம் குறைந்து மெலியும், மெல்ல முன்பக்கம் திரும்பும். இவ்வளவும் பெரும்பாலும் வலியே தெரியாமல் நடக்கும்.

தலைப்பிரசவத்தில் முதலில் நன்றாக மெலிந்து, பிறகுதான் திறக்க ஆரம்பிக்கும். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும், வலியே இல்லாமல் பல நாள் முன்பே ரெண்டு விரல் விடும் அளவு திறந்திருப்பதும் உண்டு. அதனால் நாத்தனாரோடு உங்களை ஒப்பிடவே வேண்டாம். ஒரு நாள் பார்த்த அளவு அந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். மூடியிருந்த வாய் இரண்டொரு நாளில் திறந்து பிரசவமானதும் உண்டு, ரெண்டு விரல் திறந்து இரண்டு வாரம் அப்படியே இருந்ததும் உண்டு.

மருத்துவர்கள் பார்ப்பதும் திறப்பை மட்டுமல்ல. அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் பிஷப் 1964-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: எவ்வளவு திறந்திருக்கிறது, மெலிந்திருக்கிறது, மிருதுவாக இருக்கிறதா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தும் சேர்த்து 13-க்கு மதிப்பெண். 8-க்கு மேல் இருந்தால் மருந்து கொடுத்து வலி வரவைப்பது பெரும்பாலும் கைகூடும். அடுத்த செக்கப்பில் "மெத்தென்று ஆகியிருக்கா, மெலிஞ்சிருக்கா" என்று கேளுங்கள். எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது வாராவாரம் உள்பரிசோதனை தேவையில்லை, எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்கவும், வலித்தால் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. பரிசோதனைக்குப் பிறகு லேசாக ரத்தக்கறை படுவது சகஜம்.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது குடலைக் கிளறிவிடும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, பிரசவத்துக்குத் தெம்பு வேண்டிய நேரத்தில் உடம்பில் நீர் வற்றிப் போவீர்கள். நடப்பது உடம்புக்கு நல்லது, ஆனால் நடந்தால் வாய் திறக்கும் என்று மூச்சு வாங்க நடக்காதீர்கள். பேரீச்சம்பழம் பற்றிச் சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, சர்க்கரை இல்லாதவர்கள் சாப்பிடலாம்.

41 வாரம் வரை வலி வராவிட்டால் வலி வரவைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்போதும் நேரே சிசேரியன் இல்லை. முதலில் ஜெல் வைத்தோ, ஃபோலி டியூப் என்ற, நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயை வைத்தோ வாயை மிருதுவாக்குவார்கள். அதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், பயந்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சி என்று வேறு காரணம் இருந்தால் முன்கூட்டியே முடிவெடுப்பார்கள், அது தனி விஷயம்.

வலி வந்த பிறகும் முதல் 5 சென்டிமீட்டர் மெதுவாகத்தான் போகும், தலைப்பிரசவத்தில் மணிக்கணக்கில் இழுக்கும். கெட்டியான சளி, ரத்தக்கோடோடு வந்தால் வாய் மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், ஆனால் அதன் பிறகு பிரசவத்துக்குச் சில மணி நேரமும் ஆகலாம், பல நாளும் ஆகலாம், அதற்காக ஓட வேண்டாம். பனிக்குட நீர் கசிந்தால், மாதவிடாய் போல ரத்தம் போனால், கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் வலி இல்லாவிட்டாலும், நடு இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.