மெரினோ செம்மறி ரோமம் வீட்டில் கழுவுவது: தென்னாப்பிரிக்க ஊர்களிலிருந்து கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, காரூ வறள்நிலப் பண்ணையிலிருந்து ஒரு மெரினோ ஆட்டின் முழு ரோமம் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

தண்ணீர் பக்கம் உடனே போகாதீர்கள். பழைய பெட்ஷீட்டில் விரித்து, புழுக்கை ஒட்டிய ஓரம், வயிற்று ரோமம், முள் சிக்கிய கழுத்துப் பகுதி எல்லாவற்றையும் பிய்த்து ஒதுக்குங்கள். ஒரு கொத்தை இரண்டு கையாலும் காதோரம் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். கம்பி மாதிரி 'டிங்' என்றால் நல்ல ரோமம். பொடுபொடுவென்று முறிந்தால் கழுவி என்ன பயன்? ஆடு நோயிலோ பட்டினியிலோ இருந்தபோது வளர்ந்த இடம் மெலிந்திருக்கும். நூற்கும்போது அங்கேதான் அறும்.

நல்லதை வலைப்பைகளில் தளர்வாகப் போட்டு, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். வியர்வை உப்பும் மண்ணும் அதிலேயே பாதி இறங்கிவிடும். மறுநாள் 20 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ ரோமம் போதும். சூடு 60 முதல் 65 டிகிரி. கீசர் தண்ணீர் போதாவிட்டால் கெட்டிலில் கொதித்ததைக் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வாளி நிறைந்த பிறகு பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு மேசைக்கரண்டி. பையை அமுக்கி 15 நிமிடம் விடுங்கள். கசக்கவோ கிளறவோ வேண்டாம். தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் பையை எடுத்துவிட வேண்டும். ஆறினால் கரைந்த லனோலின், அதாவது ரோமத்தின் மெழுகு, திரும்ப ரோமத்திலேயே படியும். பாதி சோப்பில் இன்னொரு தடவை, அதே சூட்டில் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை. நிழலில், வலைமேல் காயட்டும்.

பீனிக்ஸ்: அவ்வளவு சூட்டில் சுருங்காதா?

சூடு மட்டும் சுருக்காது. சூட்டோடு உரசலும் சேரும்போதுதான் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக் கட்டியாகும். சுடுதண்ணீரிலிருந்து நேரே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுவதும் ஆபத்து. குழாயை ரோமத்தின்மேல் திறந்துவிடாதீர்கள்.

டோங்காட்: மஞ்சள் கறைக்கு ஜிக் ப்ளீச் போடலாமா?

கூடவே கூடாது. ரோமம் புரதம், ஜிக் அதைக் கரைத்தே விடும். என்சைம் கலந்த துணி பவுடரும் அப்படித்தான், இழையை அரிக்கும். ஈரத்தில் பாக்டீரியா ஏற்றிய மஞ்சள் எதற்கும் போகாது. அடர்ந்த சாயம் போடுங்கள்.

லேனேசியா: டோர்ப்பர் ரோமத்துக்கும் இதே முறையா?

அது இறைச்சிக்கு வளர்க்கும் ஆடு. மயிரும் ரோமமும் கலந்து தானாகவே உதிரும். நூற்க உதவாது, செடியடியில் போடுங்கள்.

வெருலம்: வாஷிங் மெஷினில் போடலாமா?

கடைசியில் பிழிய, ஸ்பின் மட்டும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: இவ்வளவு சூடு எதற்கு? மழைத் தண்ணீரில் முழு ரோமத்தையும் ஒரு வாரம் மூடி வைத்தால் தானே சுத்தமாகிறது, மின்சாரமும் மிச்சம்.

டோங்காட்: அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்!

பீட்டர்மரிட்ஸ்பர்க்: மூடி இறுக்கமாக இருந்தால் வராது. காய்ந்தால் வாடை போய்விடும்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வியர்வையிலுள்ள பொட்டாசியம் உப்புகள் ஊறி ஒருவகை சோப்பு வேலை செய்கின்றன. அதே தண்ணீரில் அடுத்த ரோமத்தைப் போட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும். எண்ணெய்ப்பசை குறைந்த நீண்ட ரோமத்துக்கு நான் இதை மனதாரச் சொல்வேன். ஆனால் மெரினோ வேறு. அதன் மெழுகு கனம். ஊறலில் அழுக்கு போகும், மெழுகு நிற்கும். கடைசியில் சுடுதண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். கையில் புண் இருந்தால் கையுறையில்லாமல் அந்த வாளியில் கை விடாதீர்கள்.

பீனிக்ஸ்: அழுக்குத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றலாமா?

வேண்டாம். மெழுகு குழாயில் ஆறி அடைத்துக்கொள்ளும். மண்ணில் ஊற்றுங்கள், கீரைப் பாத்தியில் மட்டும் வேண்டாம். உண்ணிக்கு மருந்துக் குளியல் கொடுத்த ஆடாக இருந்தால் மருந்தும் அதில் இருக்கும். எப்போது கொடுத்தார்கள் என்று பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த்: மெஷினில் ஜென்டில் வாஷ் போட்டால்?

அதுவும் சுற்றும், உரசும். ஸ்பின் மட்டும் என்று மேலே சொல்லியாயிற்று.

வெருலம்: 1 கிலோ போட்டேன், 600 கிராம்தான் தேறியது.

சரிதான். மெரினோவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மெழுகும் உப்பும் மண்ணும்தான்.

லேனேசியா: காய்ந்த பிறகும் கையில் பிசுபிசுக்கிறது.

தண்ணீர் ஆறியிருக்கும், இல்லை சோப்பு போதவில்லை. 65 டிகிரியில் இன்னொரு தடவை அமுக்கி எடுங்கள். போர்வெல் தண்ணீரில் கட்டி சோப்பு போட்டிருந்தால் அது சோப்புப் படிவு, திரவத்துக்கு மாறுங்கள்.